‘காணவில்லை’ போஸ்டரில் தொடங்கிய படம்: ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ பதின்வயதினரை எப்படி வரவழைத்தது?

பேய்ப்படம் எடுக்கக் கிளம்பும் மாணவர்களிடம் “யாருக்காக எடுக்கிறீர்கள்?” என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “பதினைந்து வயதிலிருந்து இருபத்தைந்து வரைக்கும்.” ப்ராஜெக்ட் படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்ப அது போதும். ஆனால் அந்தப் பதினைந்து வயதுப் பையன் எதற்காக உங்கள் படத்தைத் தேடி வருவான்? வருவதற்கு முந்தின வாரம் அதைப் பற்றி யாரிடம் பேசிக்கொண்டிருப்பான்? பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் என்ன செய்வான்? இப்படிக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். படம் முடிந்த பிறகு மேலே ஒட்டவைக்கிற வேலையாகத்தான் விளம்பரத்தை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். போஸ்டர், டீசர், இன்ஸ்டாகிராம் பக்கம், அவ்வளவுதான்.

இந்தக் கேள்விகளுக்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது 1999இல் வந்த ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ என்ற அமெரிக்கத் திகில் படத்தை. கறாராகப் பார்த்தால் அது மாணவர் படம் இல்லை. எடுத்தவர்கள் அப்போது கல்லூரியை விட்டு வெளியே வந்திருந்தார்கள். ஆனால் அந்தப் படத்தின் வேர் ஒரு வகுப்பறையில் இருக்கிறது. கதையில் தொலைந்துபோகிறவர்களும் படம் எடுக்கும் மாணவர்கள்தான். கையில் காசில்லாத, பெயர் தெரியாத ஒரு நண்பர் கூட்டம் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளை எப்படித் தன் பக்கம் இழுத்தது என்பதற்கு இதைவிட நன்றாகப் பதிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எட்டு நாள் காட்டுக்குள்

டேனியல் மிரிக், எடுவார்டோ சான்செஸ் இருவரும் ஆர்லாண்டோவில் உள்ள சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் திரைப்படம் படித்தவர்கள். படத்தைத் தயாரித்த ஹேக்ஸன் ஃபிலிம்ஸ், அங்கே பழகிய நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய சின்ன நிறுவனம். 1993 வாக்கில் பேச்சாகத் தொடங்கிய கதை, 1997 அக்டோபரில் மேரிலாந்து மாநிலத்துக் காடுகளில் எட்டு நாட்களில் படமானது. படப்பிடிப்புச் செலவாகப் பொதுவாகச் சொல்லப்படும் தொகை 35,000 முதல் 60,000 டாலர் வரை. பிறகு ஒலிச் சேர்ப்பு, பிரிண்ட் வேலைகளுக்கு அதைவிடக் கூடுதலாகவே போனது.

கதை மூன்று வரி. 1994 அக்டோபரில் மூன்று மாணவர்கள் பர்கிட்ஸ்வில் என்ற ஊருக்கு அருகே உள்ள காட்டுக்குள், அந்த வட்டாரத்துச் சூனியக்காரியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போனார்கள். திரும்பவில்லை. ஓராண்டு கழித்து அவர்கள் எடுத்த ஃபுட்டேஜ் மட்டும் கிடைத்தது. நாம் பார்ப்பது அந்த ஃபுட்டேஜைத்தான்.

நடிகர் தேர்வைப் பற்றி ஒரு செய்தி உண்டு. மாணவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது. நடிக்க வந்தவர் அறைக்குள் நுழைந்த உடனே, வணக்கம்கூடச் சொல்லாமல், ஒரு நிலைமையைத் தூக்கிப் போடுவார்கள்: “நீ ஒன்பது வருடத் தண்டனையில் ஏழு வருடம் முடித்துவிட்டாய். உன்னை ஏன் இப்போது வெளியே விட வேண்டும்?” அடுத்த நொடியிலேயே அந்த ஆளாக மாறிப் பேசத் தொடங்கினவர்களைத்தான் மேற்கொண்டு பார்த்தார்கள். அப்படித் தேறி வந்தவர்கள் ஹெதர் டோனஹ்யூ, ஜோஷ்வா லெனர்ட், மைக்கேல் வில்லியம்ஸ். படத்திலும் அவரவர் சொந்தப் பெயர்தான். இந்த முடிவின் விலை பின்னால் தெரியவந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

படப்பிடிப்பு முறையும் விசித்திரமானது. வசனம் எழுதித் தரவில்லை. மூவருக்கும் சேர்த்து ஒரு ஹை-8 வீடியோ கேமராவும் ஒரு 16 எம்.எம். ஃபிலிம் கேமராவும். ஜி.பி.எஸ். கருவியைப் பார்த்து நடந்து, குறித்த இடத்துக்குப் போனால் அங்கே ஒரு பால் கூடை இருக்கும். உள்ளே சாப்பாடு, பேட்டரி, அப்புறம் ஃபிலிம் வரும் சின்ன டப்பாக்கள் மூன்று. ஒவ்வொரு டப்பாவிலும் ஒவ்வொருவருக்கான குறிப்பு. ஒருவர் குறிப்பை மற்றவர் படிக்கக் கூடாது. நாளாக ஆகச் சாப்பாட்டின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். இரவில் இயக்குநர்களே கூடாரத்தைச் சுற்றி வந்து குச்சிகளை ஒடிப்பார்கள், குழந்தைகளின் குரலை டேப்பில் ஓடவிடுவார்கள், கூடாரத்தைப் பிடித்து உலுக்குவார்கள். திரையில் தெரியும் களைப்பும் எரிச்சலும் முழுக்க நடிப்பில்லை.

பதின்வயதுப் பிள்ளை எதைப் பார்த்தான்?

விளம்பரத்துக்குப் போகும் முன் படத்துக்குள்ளேயே கொஞ்சம் நிற்க வேண்டும். இந்தப் படத்தில் பயத்துக்கு முன்னால் வருவது சண்டை. வரைபடம் காணாமல் போகிறது. யார் தொலைத்தது என்று மூவரும் மாறி மாறிக் கத்துகிறார்கள். அடுத்து மைக் என்கிற மைக்கேல் வெடித்துச் சிரித்துக்கொண்டே சொல்கிறான்: அதை ஓடையில் உதைத்துத் தள்ளியது நான்தான், அதனால் ஒரு பயனும் இல்லை என்று. அந்தச் சிரிப்பைக் கேட்டு மற்ற இருவரும் அவன்மேல் பாய்கிறார்கள். நண்பர்களோடு எங்காவது போய் வழி தெரியாமல் மாட்டிக்கொண்ட பதினாறு வயதுக்காரருக்கு அந்தச் சிரிப்பு புரியும். பெரியவர் யாரும் உடன் இல்லை. “எனக்கு எல்லாம் தெரியும்” என்று முன்னால் நடந்தவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது வெளிப்பட்டுவிட்டது. சூனியக்காரி வருவதற்கு முன்பே அவர்கள் பிழைக்க மாட்டார்கள் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

எல்லோருக்கும் நினைவிருக்கும் அந்த மன்னிப்புக் காட்சியையும் பாருங்கள். இருட்டு. ஹெதர் கேமராவைத் தன் முகத்தருகே பிடித்திருக்கிறாள். பின்னல் தொப்பியின் விளிம்பு, ஒரு கண், மூக்கு. அவ்வளவுதான் சட்டகத்துக்குள் இருக்கிறது. மூக்கு ஒழுகுகிறது, துடைக்கவில்லை. தன் அம்மாவிடமும், ஜோஷின் அம்மாவிடமும், மைக்கின் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்கிறாள். அந்தக் காலத்தில் பதின்வயதினருக்கென்று வந்த திகில் படங்களில் எல்லோரும் அழகாகப் பயப்படுவார்கள்; முடி கலைந்தாலும் அழகாகக் கலையும். இங்கே தன் முகம் எப்படித் தெரிகிறது என்ற நினைப்பே இல்லாத ஒரு பெண். இன்றைக்கு ஒவ்வொரு பிள்ளையும் கையை நீட்டித் தன்னைத் தானே படம்பிடிக்கிறது. 1999இல் அது புதுக் காட்சி.

இன்னொன்று, குச்சிகளைக் கட்டி மரத்தில் தொங்கவிட்ட அந்த மனித உருவம். ஐந்தாறு குச்சியும் கொஞ்சம் கயிறும் இருந்தால் யாரும் செய்துவிடலாம், நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் கிறுக்கலாம். படத்தின் சின்னமாக அது பரவியதற்கு அந்த எளிமைதான் காரணம் என்று நினைக்கிறேன். தான் எடுத்துத் திரும்பச் செய்யக்கூடிய ஒன்றைப் படம் பார்வையாளனுக்குத் தர வேண்டும். மாணவர்களின் திரைக்கதைகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்.

வெட்டி எறிந்தது விளம்பரமானது

இந்த ஆய்வின் மையம் இங்கேதான் இருக்கிறது. மிரிக்கும் சான்செஸும் முதலில் திட்டமிட்ட படம் வேறு. காட்டில் கிடைத்த ஃபுட்டேஜ் அதில் ஒரு பகுதி மட்டுமே. அதைச் சுற்றி நேர்காணல், பழைய செய்திப் படம், நிபுணர்களின் கருத்து எல்லாம் வைத்து ஒரு போலி ஆவணப்படம் எடுக்க நினைத்திருந்தார்கள். அந்தப் பகுதிகளுக்கான வேலையும் நடந்தது. ஆனால் எடிட்டிங்கில் ஏறக்குறைய 20 மணி நேரக் காட்டு ஃபுட்டேஜைக் குறைத்துக்கொண்டே வந்தபோது, அது தனியாக நிற்கும் என்பது தெரிந்தது. சுற்றியிருந்த எல்லாவற்றையும் தூக்கிவிட்டார்கள். எண்பது நிமிடங்களைக் கொஞ்சம் தாண்டிய படம் மிஞ்சியது.

தூக்கியதை அவர்கள் குப்பையில் போடவில்லை. சான்செஸ் தன் கையாலேயே 1998இல் ஓர் இணையதளம் அமைத்தார். அதில் படத்தைப் பற்றி எதுவும் பெரிதாக இருக்காது. 1785இல் எல்லி கெட்வர்ட் என்ற பெண் சூனியக்காரியென்று குற்றம்சாட்டப்பட்டதிலிருந்து தொடங்கும் ஒரு கால வரிசை இருக்கும். 1940களில் ரஸ்டின் பார் என்பவன் ஏழு குழந்தைகளைக் கொன்ற விவரம் இருக்கும். மாணவர்களின் கார் கிடைத்த புகைப்படம், போலீஸ் சான்றுப் பொருட்கள், ஹெதரின் நாட்குறிப்புப் பக்கங்கள் எல்லாம் உண்டு. எல்லாமே கற்பனை. ஆனால் வழக்கு ஆவணம் போலவே அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் போடாமல், வருகிறவர்கள் திரும்பத் திரும்ப வரும்படி சிறிது சிறிதாகச் சேர்த்தார்கள்.

முதல் கூட்டம் இணையதளத்துக்கு வந்தது ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியிலிருந்து. தனிப்பட்ட முயற்சியில் படமெடுப்பவர்களை ஆதரித்த ஜான் பியர்சன் தன் ‘ஸ்பிளிட் ஸ்கிரீன்’ நிகழ்ச்சியில், இவர்கள் முதலீட்டாளர்களுக்காகத் தயாரித்த சில நிமிடக் காட்சியை, உண்மைச் சம்பவம் போலவே ஒளிபரப்பினார். பார்த்தவர்கள் “இது நிஜமா?” என்று கேட்டுக்கொண்டு இணையத்தில் தேடத் தொடங்கினார்கள். தேடிய இடத்தில் சான்செஸின் தளம் காத்திருந்தது.

பல மாணவர் குழுக்கள் தடுமாறுவது இங்கேதான். டீசர் வெளியிடுவார்கள். இரண்டாயிரம் பேர் பார்ப்பார்கள். “செம”, “வெயிட்டிங்” என்று எழுதுவார்கள். அப்புறம்? அந்த இரண்டாயிரம் பேருக்கு அடுத்து போக ஓர் இடமே இருக்காது. பிளேர் விட்ச் குழு ஆர்வத்தைக் கிளப்பிவிட்டு நிற்கவில்லை, அந்த ஆர்வத்துக்கு ஒரு வேலை கொடுத்தது. நாட்குறிப்பைப் படி, தேதிகளை ஒப்பிடு, நண்பனோடு வாதாடு. பதினைந்து வயதில் ஒரு பிள்ளைக்கு எல்லையில்லாமல் இருப்பது நேரமும் துருவும் குணமும்தான். வெளிவருவதற்கு முன்பே ரசிகர்கள் தாங்களாகவே இந்தப் படத்துக்குத் தனித் தளங்கள் தொடங்கினார்கள்.

சன்டான்ஸும் அதற்கு அப்புறமும்

1999 ஜனவரியில் யூட்டாவின் பார்க் சிட்டியில் நடந்த சன்டான்ஸ் திரைப்பட விழாவில் படம் நள்ளிரவுக் காட்சியாகத் திரையிடப்பட்டது. ஊரெங்கும் குழுவினர் மூவரின் முகத்தோடு ‘காணவில்லை’ நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஆர்டிசன் என்ற விநியோக நிறுவனம் ஏறக்குறைய 11 லட்சம் டாலருக்குப் படத்தை வாங்கியது.

வாங்கியவர்களுக்கு முடிவுக் காட்சியில் தயக்கம். மைக் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து நிற்பதோடு படம் முடிகிறது. அது பார்வையாளருக்குப் புரியவில்லை. வேறு முடிவுகளை எடுத்துத் தரச் சொன்னார்கள். இயக்குநர்கள் எடுத்தும் கொடுத்தார்கள், ஆனால் கடைசியில் பழைய முடிவே நின்றது. மாற்றியது வேறோர் இடத்தில். படத்தின் தொடக்கத்தில் ஊர்க்காரர் ஒருவர் பேசும் பகுதியைப் புதிதாகச் சேர்த்தார்கள்: ரஸ்டின் பார் குழந்தைகளை இரண்டிரண்டு பேராக அழைத்துப் போவான், ஒன்றை மூலையில் சுவரைப் பார்த்து நிற்கவைத்துவிட்டு மற்றதைக் கொல்வான். அந்தச் சில நொடிகள் போதும். ஒரு மணி நேரம் கழித்து மைக் மூலையில் நிற்பதைப் பார்த்ததும் முதுகு சில்லிடுகிறது. பார்வையாளருக்குப் புரியவில்லை என்றால் புரியாத இடத்தைத்தான் மாற்ற வேண்டும் என்பதில்லை. அதற்கு வெகு முன்னால் ஒரு விதை ஊன்றினால் போதும். முன்திரையிடல் முடிந்ததும் பீதியில் கிளைமாக்ஸை வெட்டும் மாணவர்களிடம் இதை நான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

ஆர்டிசன் செய்த நல்ல காரியம், இணையதளத்தை மாற்றி எழுதாமல் அதே பாணியில் வளர்த்ததுதான். கல்லூரி வளாகங்களில் முன்திரையிடல் நடத்தினார்கள். ட்ரெய்லரைத் திரைப்பட ரசிகர்கள் கூடும் ஓர் இணையதளத்தில் முதலில் வெளியிட்டார்கள். எடிட்டிங்கில் ஒதுக்கியிருந்த ஆவணப்படப் பகுதிகள், ‘கர்ஸ் ஆஃப் தி பிளேர் விட்ச்’ என்ற தனி நிகழ்ச்சியாகப் படம் வருவதற்குச் சில நாள் முன்பு சை-ஃபை சேனலில் ஒளிபரப்பாயின. ‘வழக்குக் கோப்பு’ வடிவில் ஒரு புத்தகம் வந்தது. காமிக்ஸும் வந்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இசை ஆல்பம். படத்தில் பாட்டே கிடையாது. அதனால் ஜோஷின் காரில் கிடைத்த கேசட் என்று சொல்லி, அவன் வயதுப் பையன் கேட்கக்கூடிய இருண்ட ராக் பாட்டுகளைத் தொகுத்து விற்றார்கள். காணாமல்போனவனின் காருக்குள் உட்கார்ந்து அவன் கேசட்டைக் கேட்கும் உணர்வை ஒரு சி.டி. தந்தது.

கேன்ஸ் விழாவுக்கும் படம் போனது. இளைஞர் பரிசு அங்கே இதற்குக் கிடைத்தது.

17 வயது என்ற சுவர்

ஒரு சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்காவில் இந்தப் படத்துக்குக் கிடைத்தது ‘ஆர்’ சான்றிதழ். பெரும்பாலும் கெட்ட வார்த்தைகளுக்காக. 17 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்க முடியும். அதுவும் 1999 கோடை. ஏப்ரலில்தான் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்திருந்தது. வன்முறைப் படங்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்ற பேச்சு நாடெங்கும் இருந்தது. ஜூன் மாதம் திரையரங்கு உரிமையாளர்கள் அதிபர் கிளின்டனோடு நின்று, இனி ‘ஆர்’ படங்களுக்கு வயதுச் சான்று பார்த்துத்தான் டிக்கெட் தருவோம் என்று அறிவித்தார்கள். அடுத்த மாதம் பிளேர் விட்ச் வருகிறது. பிரிட்டனில் அதே படத்துக்கு, 15 வயதானவர்கள் பார்க்கக்கூடிய ‘15’ சான்றிதழ்தான்.

அப்படியானால் பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? என் கணிப்பு இது: படத்தின் பெரும்பகுதி திரையரங்குக்கு வெளியே இருந்தது. இணையதளத்துக்கு வயதுச் சான்று தேவையில்லை. தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கும், காமிக்ஸுக்கும், இசை ஆல்பத்துக்கும்கூடத் தேவையில்லை. பள்ளியில் இதைப் பற்றிப் பேசுவதற்குப் படத்தைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அண்ணனை நச்சரித்தோ, பெற்றோரைக் கெஞ்சியோ, பிறகு வீடியோ கேசட்டிலோ ஒரு நாள் பார்த்தால் சரி. சான்றிதழ் காரணமாகப் பதின்வயதினரை இழந்துவிடுவோமே என்று படத்தின் மூர்க்கத்தைக் குறைக்கும் மாணவர்கள், வெளியே ஒரு வாசல் திறந்து வைக்க முடியுமா என்று யோசிக்கலாம்.

27 திரையரங்குகள்

ஜூலை 16 வார இறுதியில் படம் வெறும் 27 திரையரங்குகளில் ஓடியது. வசூல் 15 லட்சம் டாலர், அதாவது ஒரு திரையரங்குக்கு 56,000 டாலர். டிக்கெட் கிடைக்காமல் திரும்பியவர்களே விளம்பரமானார்கள். ஜூலை 30 அன்று 1,101 திரையரங்குகளுக்கு விரிந்தபோது அந்த வார இறுதியில் 2.9 கோடி டாலர். அதே மாதம் 8 கோடி டாலர் செலவில், பெரிய நடிகர்களும் கணினி வரைகலையுமாக ‘தி ஹாண்டிங்’ வந்திருந்தது. உலக வசூலில் காட்டுக்குள் எடுத்த படம் அதைத் தாண்டியது: ஏறக்குறைய 24.8 கோடி டாலர், அமெரிக்காவில் மட்டும் 14 கோடி. ஆகஸ்டில் ‘டைம்’, ‘நியூஸ்வீக்’ இரண்டும் அட்டையில் போட்டன.

எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது. ஆடும் கேமராவால் பலருக்குத் தலைசுற்றி வாந்தி வந்தது. சில திரையரங்குகள் எச்சரிக்கைப் பலகை வைத்தன. “சூனியக்காரியைக் காட்டவே இல்லையே” என்று கோபத்தோடு வெளியே வந்தவர்களும் ஏராளம். அந்தக் கோபமும் பேச்சாகத்தான் மாறியது.

அவ்வளவு பேரும் இதை நிஜமென்று நம்பினார்களா? சிலர் நம்பினார்கள். இணையத்தின் திரைப்படத் தகவல் தளத்திலேயே நடிகர்களை ‘காணவில்லை, இறந்திருக்கலாம்’ என்று சில காலம் பதிந்திருந்தார்கள். ஆனால் படம் நாடெங்கும் விரிந்த நேரத்தில் இது கற்பனை என்று பத்திரிகைகள் வெளிப்படையாக எழுதிக்கொண்டிருந்தன, இயக்குநர்களும் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தெரிந்தே போனவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள். நம்ப வைத்ததைவிட “நிஜமா, பொய்யா?” என்று நண்பர்களுக்குள் சண்டை மூட்டியதுதான் அந்த விளம்பரத்தின் வலிமை. அதற்கு 2000இல் வந்த இரண்டாம் பாகமே சாட்சி. பெயர் இருந்தது, கூடுதல் பணம் இருந்தது, தோண்டித் துருவ ஒன்றும் இல்லை. முதல் படத்தின் வசூலில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட அது எட்டவில்லை.

இன்று அந்த போஸ்டரை ஒட்டலாமா?

கூடாது என்பதே என் உறுதியான கருத்து. பர்கிட்ஸ்வில் என்பது 200 பேர்கூட இல்லாத நிஜ ஊர். படம் வந்த பிறகு சூனியக்காரியைத் தேடிக் கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் ஊர்ப் பெயர்ப் பலகையையே கழற்றிக்கொண்டு போனார்கள். கல்லறைத் தோட்டத்தையும் விடவில்லை. அந்த ஊர்க்காரர்கள் யாரும் இந்தக் கதையைக் கேட்டு வாங்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவர் குழு தங்கள் குறும்படத்துக்காக இதே வேலையைச் செய்தது. உடன் படிக்கும் பெண்ணின் படத்தைப் போட்டு ‘காணவில்லை’ என்று அச்சடித்து, பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடைச் சுவரில் ஒட்டினார்கள். அந்தப் பெண்ணுக்கும் சம்மதம்தான். மூன்றாம் நாள் நான் அவர்களோடு டீ குடிக்கப் போனபோது கடைக்காரர் போஸ்டரைக் காட்டி, “அந்தப் பொண்ணு கெடச்சிருச்சா தம்பி? வர்ற பஸ்ல எல்லாம் டிரைவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்” என்றார். கையில் கிளாஸோடு நின்ற பையனுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்று மாலையே எல்லாவற்றையும் கிழித்தார்கள். கடைக்காரரிடம் போய் உண்மையைச் சொன்னதும் அவர்கள்தான். அவர் திட்டவில்லை. “அப்பாடா” என்று மட்டும் சொன்னாராம்.

பொய் சொல்லாமலே அந்தத் தேடலை உண்டாக்க முடியும். 2022 ஜனவரியில் கேன் பார்சன்ஸ் என்ற 16 வயது அமெரிக்கப் பையன், முடிவில்லாத மஞ்சள் அறைகளுக்குள் கேமராவோடு விழுந்துவிடும் ஒருவனின் ஃபுட்டேஜாக ஒரு சிறு படத்தை யூடியூபில் போட்டான். அந்த அறைகள் இணையத்தில் பலரும் சேர்ந்து வளர்த்த ஒரு கதையிலிருந்து வந்தவை. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் அவற்றை உருவாக்கியிருந்தான். அது நிஜமென்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் அடுத்தடுத்து அவன் வெளியிட்ட துண்டு வீடியோக்களில் தேதியும் நிறுவனப் பெயரும் அறிக்கையும் ஒளிந்திருந்தன. அவன் வயதுப் பிள்ளைகள் அவற்றைக் கோத்து வரிசைப்படுத்தினார்கள், தவறவிட்டதை ஒருவருக்கொருவர் காட்டினார்கள். கோடிக்கணக்கில் பார்க்கப்பட்டது. அடுத்த ஆண்டே அதை முழுநீளப் படமாக அவனே இயக்கப்போகிறான் என்ற அறிவிப்பு வந்தது. சான்செஸ் 1998இல் செய்ததைத்தான் அவனும் செய்தான். ஏமாற்று மட்டும் இல்லை.

மூவரும் என்ன ஆனார்கள்?

வெற்றிக் கதையாக இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி இது. மூவரும் இறந்துவிட்டதாகக் காட்டும் விளம்பரத்துக்கு அவர்கள் கண்ணில் படாமல் இருப்பது தேவைப்பட்டது. தங்கள் வாழ்க்கையின் மிகப் பெரிய படம் வெளியாகும் நேரத்தில் அவர்களால் வெளிப்படையாக அதைக் கொண்டாட முடியவில்லை. ஹெதரின் அம்மாவுக்கு இரங்கல் அட்டைகள் வந்தன. சொந்தப் பெயர் படத்துக்குச் சொந்தமாகிவிட்டது. கேமராவைப் பிடித்ததும், வசனத்தை உண்டாக்கியதும், பசியில் நடந்ததும் அவர்கள். கோடிகள் சேர்ந்தபோது அவர்கள் கைக்கு வந்தது அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத தொகை. ஹெதர் பிற்பாடு தன் பெயரையே ரேய் ஹான்ஸ் என்று மாற்றிக்கொண்டார்.

எங்கள் வகுப்பில் யாராவது தோழியின் சொந்தப் பெயரையும் முகத்தையும் கதையில் வைக்கிறேன் என்று வந்தால், முதலில் ஒரு தாளில் எழுதச் சொல்கிறேன்: இந்தப் படம் ஓடினால் அவளுக்கு என்ன கிடைக்கும், அவள் படத்தை எப்போது எங்கிருந்தெல்லாம் எடுத்துவிடுவீர்கள், அவள் வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள். எழுத அரை மணி நேரம் ஆகும். எழுதாமல் கேமராவைக் கொடுப்பதில்லை.

2024இல் புதிய பிளேர் விட்ச் படம் ஒன்று வரப்போகிறது என்ற அறிவிப்பு வந்ததும், மூவரும் சேர்ந்து இப்போது உரிமை வைத்திருக்கும் லயன்ஸ்கேட் நிறுவனத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். இத்தனை ஆண்டுகளுக்கும் சேர வேண்டிய ஊதியம் வேண்டும், இனி தங்கள் பெயரையும் முகத்தையும் பயன்படுத்தும் எதற்கும் தங்களைக் கலந்து பேச வேண்டும் என்று கேட்டார்கள். மூன்றாவதாக ஒன்றும் கேட்டார்கள், தங்களுக்காக இல்லை: முதல் படம் எடுக்கும் பெயர் தெரியாத ஒரு திகில் பட இயக்குநருக்கு ஆண்டுதோறும் 60,000 டாலர் உதவித்தொகை. தங்கள் படத்துக்கு ஆன செலவு என்று சொல்லப்படும் அதே தொகை.